காலண்டருக்குப் பின்னால் ஒரு சிலந்தி, கடல் நடுவே 4 செடியாக நின்ற பெரணி: ஒன்று உலகம் முழுக்க, இன்னொன்று ஒரே மலையில்... ஏன்?

ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறை லைட்டைப் போட்டால், சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். நாம் ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் பக்கவாட்டில் ஒரே ஓட்டம். காலண்டருக்குப் பின்னாலோ சாமி படத்துக்குப் பின்னாலோ போய் மறைந்துவிடும். காலையில் துடைப்பத்தோடு தேடினால் ஆளைக் காணோம். தமிழ்நாட்டில் இந்தப் பெரிய எட்டுக்கால் பூச்சியைப் பார்த்து அலறாத வீடு குறைவு.

இதே சிலந்தியைச் சிங்கப்பூரிலும் பார்க்கலாம், அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் பார்க்கலாம், கரீபியன் தீவுகளிலும் பார்க்கலாம்.

அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே ஒரு சின்னத் தீவில் இதற்கு நேர் எதிரான ஒரு உயிர் இருக்கிறது. சில சென்டிமீட்டர் உயரமே உள்ள ஒரு பெரணிச் செடி. அந்தத் தீவின் ஒரே ஒரு மலையைத் தவிர உலகில் வேறு எங்குமே அது இயற்கையாக வளர்வதில்லை. அழிந்துவிட்டது என்று அறிவித்துக் கணக்கை முடித்த பிறகு, 2009-ல் திடீரெனக் கண்ணில் பட்டது. அப்போது எண்ணிப் பார்த்ததில் இருந்தவை மொத்தம் 4 செடிகள். நாற்பதோ நானூறோ இல்லை, வெறும் நாலு.

ஒரு பூச்சிபோல ஓடுவதையும் ஒரு செடியையும் எதற்கு ஒப்பிட வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. இரண்டின் தலையெழுத்தையும் மாற்றியது ஒரே விஷயம்தான்: மனிதர்கள் ஓட்டிய கப்பல்கள். ஒன்றைக் கப்பல் ஏற்றி உலகம் சுற்ற வைத்தோம். இன்னொன்று இருந்த இடத்துக்கே கப்பலில் எதிரிகளைக் கொண்டுபோய் இறக்கினோம். விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்தச் சுவர்ச் சிலந்தி?

இதன் அறிவியல் பெயர் ஹெட்டெரோபோடா வெனடோரியா. பெயரின் இரண்டாவது பாதிக்கு லத்தீனில் வேட்டை தொடர்பானது என்று பொருள். ஆங்கிலத்தில் ஹன்ட்ஸ்மேன் ஸ்பைடர் என்பார்கள். நாம் வேட்டைச் சிலந்தி என்று வைத்துக்கொள்வோம். 1767-லேயே ஸ்வீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் இதற்குப் பெயர் வைத்துவிட்டார்.

சிலந்தி என்றாலே வலை பின்னும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். இது இரை பிடிக்க வலை பின்னுவதே இல்லை. பகல் முழுக்க ஏதாவது இடுக்கில் பதுங்கி இருந்துவிட்டு, இருட்டியதும் வெளியே வந்து, கரப்பான் பூச்சி, பாச்சை, சின்னப் பூச்சிகளை ஓடிப் பிடித்துத் தின்னும். உடம்பு தட்டையாக இருப்பதால் மரக் கதவின் விரிசல், ஓட்டின் இடுக்கு, அட்டைப் பெட்டியின் மடிப்பு என எங்கே வேண்டுமானாலும் நுழைந்துவிடும். கால்கள் நண்டின் கால்போல இரண்டு பக்கமும் விரிந்து முன்னோக்கி வளைந்திருக்கும். அதனால்தான் பக்கவாட்டில் அப்படி ஓட முடிகிறது. கால் நுனிகளில் நுண்ணிய முடிக்கற்றைகள் உண்டு. வழுக்கும் கண்ணாடி ஜன்னலில்கூட ஏறிவிடும்.

உடம்பு மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். கால்களையும் சேர்த்து விரித்தால் 12 சென்டிமீட்டர் வரை வரும். பயமுறுத்துவது அந்தக் கால்கள்தான்.

இன்னொரு காட்சியும் பலர் பார்த்திருப்பீர்கள். சில நேரம் இந்தச் சிலந்தி தன் வயிற்றுக்கு அடியில் வெள்ளையாக, நாணயம்போல வட்டமாக, தட்டையாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடக்கும். அது முட்டைப் பை. தூக்கிக்கொண்டு திரிவது தாய்ச் சிலந்தி. உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டைகள் இருக்கும். குஞ்சுகள் வெளியே வரும் காலம் வரை அதைக் கீழே வைக்காமல் சுமக்கும். இந்த முட்டைப் பைதான் நம் கதையில் முக்கியம், பின்னால் வருவோம்.

ஆண் சிலந்தியிடம் ஒரு வேடிக்கை இருக்கிறது. பெண்ணின் வாசனை கிடைத்ததும் எட்டுக் கால்களாலும் தரையை இறுகப் பற்றிக்கொண்டு உடம்பை அதிர வைக்கும். அந்த அதிர்வு மெல்லிய ரீங்காரமாகக் கேட்கும். நம் வீட்டுச் சுவரில் நடக்கிற இந்தக் கச்சேரி நம் டிவி சத்தத்தில் நமக்குக் கேட்பதில்லை.

கடித்தால் ஆபத்தா?

கையில் பிடித்து நசுக்கப் பார்த்தால் கடிக்கும், வலிக்கும். எல்லாச் சிலந்திகளையும்போல இதற்கும் விஷம் உண்டு. ஆனால் அது பூச்சியை மடக்குவதற்கான அளவு. ஆரோக்கியமாக இருக்கும் மனிதருக்கு உயிராபத்து ஏற்படுத்தும் சிலந்தி இது இல்லை. தானாக வந்து மனிதரைக் கடிக்கும் பழக்கமும் கிடையாது. நம்மைப் பார்த்ததும் அது ஓடுவதிலேயே தெரியவில்லையா?

சிலந்தி மேலே ஊர்ந்தால் புண் வரும் என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். தமிழில் சிலந்தி என்ற சொல்லுக்கே கட்டி, புண் என்று இன்னொரு பொருளும் உண்டு. கினியா புழு நோயை நரம்புச் சிலந்தி என்றுதான் சொன்னார்கள். அந்த நோய்க்கும் எட்டுக்கால் பூச்சிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. குளத்துத் தண்ணீரைக் காய்ச்சாமல், வடிகட்டாமல் குடித்ததால் வந்தது அது. பெயர் ஒட்டிக்கொண்டது, பழி சிலந்தி மேல் விழுந்தது.

வாழைத்தாரில் ஏறி உலகப் பயணம்

இந்தச் சிலந்தியின் பூர்வீகம் வெப்பமண்டல ஆசியா என்று கருதப்படுகிறது. அங்கே மட்டும் இருந்திருந்தால் இதுவும் பத்தோடு பதினொன்றாக இருந்திருக்கும். ஆனால் இன்று பூமத்திய ரேகையை ஒட்டிய நாடுகள் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. கடலை நீந்திக் கடக்க இதற்குத் தெரியாது. வேறு எப்படிப் போயிருக்கும்?

சரக்கோடு போனது. குறிப்பாக வாழைத்தாரோடு. சீப்புகளுக்கு இடையில் தட்டையான உடம்பை ஒளித்துக்கொண்டால் யார் கண்ணிலும் படாது. அமெரிக்காவில் இதற்கு பனானா ஸ்பைடர் என்றே ஒரு பெயர் உண்டு. குளிர் நாடுகளின் கடைகளில் வாழைப்பழப் பெட்டியைத் திறந்ததும் பெரிய சிலந்தி குதித்தது என்று அவ்வப்போது வரும் செய்திகளில், பல நேரம் கதாநாயகன் இவர்தான். குளிர் நாட்டில் வெளியே பிழைக்க முடியாது. ஆனால் இறங்கிய துறைமுகம் சூடான ஊராக இருந்தால் அவ்ளோதான், குடியேறிவிடும்.

இங்கேதான் முட்டைப் பை கைகொடுக்கிறது. ஒரு புது ஊரில் ஒரு உயிரினம் வேர்விட வேண்டும் என்றால் ஆணும் பெண்ணும் வந்து சேர வேண்டும், சந்திக்க வேண்டும், இப்படிப் பல கண்டங்களைத் தாண்ட வேண்டும். முட்டையோடு ஒரே ஒரு தாய்ச் சிலந்தி வந்து இறங்கினால் அத்தனை சிக்கலும் தீர்ந்தது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான வாரிசுகள்.

சாப்பாட்டுக்கும் கவலை இல்லை. வீடுகளில் நாம் பார்க்கும் பெரிய செங்கரப்பானும் கப்பல்கள் வழியாகவே உலகம் முழுக்கப் பரவியது. அதாவது வேட்டைக்காரனையும் நாமே கொண்டுபோய் விட்டோம், அவனுக்கு இரையையும் நாமே முன்கூட்டி அனுப்பி வைத்தோம். தங்குவதற்கு வீடும் கட்டிக் கொடுத்துவிட்டோம். காட்டில் மரப்பட்டை இடுக்கு, ஊரில் காலண்டர் இடுக்கு. அதற்கு இரண்டும் ஒன்றுதான்.

எங்கே இருக்கிறது அசென்ஷன் தீவு?

இப்போது பெரணியின் கதைக்குப் போவோம். ஆப்பிரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடையே, பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே, தென் அட்லாண்டிக் கடலில் இருக்கிறது அசென்ஷன் தீவு. பரப்பளவு சுமார் 88 சதுர கிலோமீட்டர். ஆப்பிரிக்கக் கரை சுமார் 1,600 கிலோமீட்டர் தூரம். பக்கத்து வீடு என்று சொல்ல செயின்ட் ஹெலினா தீவு இருக்கிறது, அதுவும் சுமார் 1,300 கிலோமீட்டர் தள்ளி. நெப்போலியனைச் சிறை வைத்தார்களே, அதே தீவுதான். 1815-ல் நெப்போலியனை அங்கே கொண்டுவந்தபோதுதான், அவரை மீட்க யாரும் இந்தப் பக்கம் வந்துவிடக் கூடாது என்று அசென்ஷனிலும் பிரிட்டன் படையை இறக்கியது. இன்றும் அது பிரிட்டனின் ஆட்சிப் பகுதிதான்.

தீவு முழுக்க எரிமலைக் குழம்பு இறுகிய பாறையும் சாம்பலும். மழை மிகக் குறைவு. நடுவே 859 மீட்டர் உயரத்தில் ஒரு மலை, கிரீன் மவுன்டன் என்று பெயர். கடல் காற்று மோதி மேகம் தங்குவதால் அந்த உச்சியில் மட்டும் ஈரம் இருக்கும். எரிமலையால் எழுந்த தீவு என்பதால் அங்கே ஆரம்பத்தில் எந்த உயிரும் இல்லை. காற்றிலும் கடலிலும் பறவைகளாலும் வந்து சேர்ந்தவை மட்டுமே அங்கே முளைத்தன. தூசியைவிடச் சன்னமான வித்துகளைக் கொண்ட பெரணிகளுக்கு இந்தக் காற்றுப் பயணம் எளிது. அதனால் அந்த மலையில் மரங்கள் சேர்வதற்கு முன்பே பெரணிகள் சேர்ந்துவிட்டன. காலப்போக்கில் அவற்றில் சில, உலகில் வேறெங்கும் இல்லாத தனி இனங்களாகவே மாறின.

அந்தத் தீவுக்கே உரிய செடிவகைகள் என்று கணக்கெடுத்தவை மொத்தம் 10. அதில் 6 பெரணிகள். அந்த ஆறில் ஒன்றுதான் நம் நாயகி. அறிவியல் பெயர் அனோகிராம்மா அசென்சியோனிஸ். பார்ஸ்லி என்ற கீரையின் இலைபோல இருப்பதால் பார்ஸ்லி பெரணி என்கிறார்கள். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், கொத்தமல்லித் தழையிலிருந்து ஒரு கொழுந்தைக் கிள்ளிப் பாறையில் செருகி வைத்ததுபோல இருக்கும்.

ஊட்டி, கொடைக்கானல் போனால் ஒரு பெரணி இலையைக் கையில் வைத்து அடித்து, வெள்ளை அச்சு பதிய வைத்து விளையாடுவோம் இல்லையா? அந்த வெள்ளிப் பெரணியும் இதுவும் ஒரே குடும்பம். அந்த வெள்ளிப் பெரணிக்குப் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம் என்பது தனிக் கதை. அதுவும் நம் சிலந்திபோல ஊர் சுற்றி வந்ததுதான்.

வித்து ஆயிரம்... செடி எத்தனை?

பெரணியில் பூ கிடையாது, காய் கிடையாது, விதையும் கிடையாது. இலையின் அடியில் பழுப்பு நிறத்தில் பொட்டுப் பொட்டாக, இல்லையென்றால் கோடு கோடாக இருப்பவை வித்துப் பைகளின் கூட்டம். பெரும்பாலான பெரணிகளில் ஒரு பையில் 64 வித்துகள். பை காய்ந்ததும் அதன் விளிம்பு விசைபோலப் பின்னால் வளைந்து, சட்டென்று திரும்பி அடிக்கும். வித்துகள் காற்றில் தெறிக்கும். ஒரு சின்னச் செடியிலிருந்தே ஆயிரக்கணக்கில் கிளம்பும்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சிலந்தியைப் பெரணி தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் வித்திலிருந்து நேராகப் பெரணி முளைப்பதில்லை. முதலில் முளைப்பது நகக்கண் அளவுகூட இல்லாத, மெல்லிய பச்சைத் தகடு. பெரும்பாலும் இதய வடிவில் இருக்கும். அதில்தான் ஆண் அணுக்களும் பெண் அணுக்களும் உருவாகின்றன. ஆண் அணு நீந்தித்தான் பெண் அணுவிடம் போக முடியும். நீந்தத் தண்ணீர் வேண்டும். ஒரு மெல்லிய ஈரப்படலம் இருந்தாலே போதும், ஆனால் அது கட்டாயம் வேண்டும். அந்த நேரம் பார்த்து வெயில் காய்ந்தால் கதை முடிந்தது.

சிலந்தியோ முட்டைகளைப் பட்டுப் பையில் சுற்றி, வயிற்றுக்கடியில் வைத்து, ஆபத்து வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. பெரணி தன் பிள்ளைகளைக் காற்றிடம் கொடுத்துவிட்டுப் பாறையில் நிற்கிறது. ஈரமான, வெறுமையான, வேறு செடி மூடாத மண் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. பார்ஸ்லி பெரணிக்கு அப்படிப்பட்ட இடம் அந்த ஒரே மலையின் சரிவுகளில்தான் இருந்தது.

ஆடு வந்தது, அப்புறம் தோட்டமே வந்தது

1501-ல் போர்ச்சுகீசியர்கள் அசென்ஷன் தீவைக் கண்டார்கள். அந்தக் காலக் கப்பல்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆளில்லாத தீவில் ஆடுகளை இறக்கி விட்டுப் போவார்கள். அடுத்த முறை அந்த வழியே வரும்போது கறிக்கு ஆகும். அசென்ஷனிலும் விட்டார்கள். 1701-ல் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமியின் கப்பல் இங்கே மூழ்கியபோது, கரையேறியவர்கள் இந்த ஆடுகளையும் கடலாமைகளையும் தின்றுதான் உயிர் பிழைத்தார்கள்.

மனிதர்களுக்கு உயிர் கொடுத்த ஆடு செடிகளுக்கு எமனானது. மேயும் விலங்கே இல்லாத தீவில் வளர்ந்த செடிகளுக்கு முள்ளோ, கசப்போ, தற்காத்துக்கொள்ள வேறு வழியோ இருக்கத் தேவையே வந்ததில்லை. பின்னால் செம்மறியும் கழுதையும்கூடச் சேர்ந்துகொண்டன.

அதன் பிறகு நடந்ததுதான் பெரிய மாற்றம். 1836-ல் சார்லஸ் டார்வின் இந்தத் தீவுக்கு வந்து போனார். 1843-ல் அவருடைய நண்பரான தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் வந்தார். படைக்குத் தண்ணீர் பற்றாக்குறை. மலை உச்சியில் மரம் நட்டால் மேகத்தின் ஈரத்தைப் பிடித்துத் தரும், மண்ணும் வளமாகும் என்று அவர் திட்டம் கொடுத்தார். அவருடைய தந்தை வில்லியம் ஹூக்கர்தான் அப்போது லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர். பிறகென்ன, 1850-லிருந்து கப்பல் கப்பலாகச் செடிகள் வந்து இறங்கின. யூகலிப்டஸ், மூங்கில், வாழை என்று சில பத்தாண்டுகளில் மொட்டை மலை காடாகிவிட்டது.

வறண்ட தீவில் மனிதர் காடு வளர்த்த சாதனையாக இதை இன்றும் பலர் பாராட்டுகிறார்கள். தண்ணீருக்கு அலைந்த படைவீரர்கள் பக்கம் நின்று பார்த்தால் அதில் தப்பில்லை. முழுக்கக் கெடுதல் என்றும் சொல்லிவிட முடியாது. தீவுக்கே உரிய இன்னொரு குட்டிப் பெரணி, வெளியிலிருந்து வந்த மூங்கில் தண்டுகளின் பாசியில் ஒட்டி வளரப் பழகிக்கொண்டது. ஆனால் வெறும் பாறையும் ஈர மண்ணும் கேட்ட பார்ஸ்லி பெரணிக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அதன் இடத்தை நேரடியாகப் பிடித்தது யார் தெரியுமா? இன்னொரு பெரணி. வீட்டுத் தொட்டிகளில் அழகுக்கு வளர்க்கிறோமே, கறுத்த மெல்லிய காம்பும் சின்னச் சின்ன விசிறி இலைகளும் உள்ள மெய்டன்ஹேர், அதன் ஒரு வகை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அது கிரீன் மவுன்டனின் வெற்றுச் சரிவுகளைப் பாய் விரித்த மாதிரி மூடிவிட்டது.

கடைசியாகப் பார்த்தவர் ஒரு சிலந்தி ஆய்வாளர்

இந்த இடத்தில் கதை விநோதமாக ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. 1957 முதல் 1959 வரை பிரிட்டன் பறவையியலாளர் சங்கத்தின் ஆய்வுக் குழு ஒன்று அசென்ஷனில் வேலை செய்தது. கடற்பறவைகளைப் பற்றிப் படிக்க வந்த குழு அது. அதில் நிலத்து உயிர்களைக் கவனிக்க வந்தவர் எரிக் டஃபி. அடிப்படையில் அவர் சிலந்தி ஆய்வாளர். 1956-ல்தான் இங்கிலாந்தின் சஃபோக் பகுதிச் சதுப்பு நிலத்தில், தண்ணீரின் மேல் நடந்து வேட்டையாடும் பெரிய சிலந்தி இனம் ஒன்றை அந்த நாட்டில் முதன்முதலாகக் கண்டுபிடித்திருந்தார்.

1958-ல் கிரீன் மவுன்டனின் வடக்குச் சரிவில் பார்ஸ்லி பெரணியைப் பதிவு செய்தவர் அவர்தான். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு யார் கண்ணிலும் அந்தப் பெரணி படவில்லை. தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. 2003-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயூசிஎன், இது அழிந்துவிட்ட இனம் என்று பட்டியலில் சேர்த்தது.

கயிறு கட்டி இறங்கித் தண்ணீர் ஊற்றினார்கள்

2009-ல் தீவின் பாதுகாப்பு அலுவலர் ஸ்டெட்சன் ஸ்ட்ரவுடும் தாவரவியலாளர் ஃபில் லாம்ப்டனும் கிரீன் மவுன்டனின் செங்குத்தான சரிவில் செடிகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். வெறும் பாறையில் ஒட்டிக்கொண்டு ஒரு குட்டிப் பெரணி. பழக்கமில்லாதவர் பார்த்தால் மிதித்துவிட்டுப் போயிருப்பார். இவர்களுக்குத் தெரிந்துவிட்டது. மறுபடி மறுபடி தேடியதில் மேலும் 3 செடிகள் கிடைத்தன. மொத்தம் 4.

கண்டுபிடித்த சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்திருக்கும். செடி நின்ற இடம் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் வெயில் தொடர்ந்தால் நாலும் போய்விடும். அதனால் கயிறு கட்டிச் சரிவில் இறங்கி, தண்ணீர் கொடுத்து, சுற்றி வரும் களையைப் பிடுங்கி, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்த்துக்கொள்வதுபோல ஒவ்வொரு செடியையும் பார்த்துக்கொண்டார்கள்.

வித்து முதிரும் வரை காத்திருந்து, இலைத் துண்டுகளைக் கிருமி நீக்கிய டப்பாவில் அடைத்து விமானத்தில் ஏற்றினார்கள். 24 மணி நேரத்துக்குள் லண்டன் கியூ தோட்டத்தின் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது கணக்கு. போய்ச் சேர்ந்தது. அங்கே நுண்பெருக்கப் பிரிவில், கண்ணாடிக் கலத்துக்குள் சத்துக் கூழ் வைத்து வித்துகளை முளைக்க வைத்தார்கள். மலையில் கிடைக்காத அந்த ஈரப்படலத்தை ஆய்வகத்தில் உறுதி செய்தார்கள். அந்தப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் விஸ்வாம்பரன் சரசன். 2010 நடுப்பகுதிக்குள் 60 செடிகள் தயார்.

150 வருஷத்துக்கு முன் தீவுக்குக் கப்பலில் செடி அனுப்ப உதவிய அதே கியூ தோட்டம்தான் இது. தாத்தா வாங்கிய கடனைப் பேரன் அடைத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்போ சிலந்தி என்றால் நிறைய, பெரணி என்றால் அரிதா?

அப்படிச் சொல்ல முடியாது. நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஆந்திராவில் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையே உள்ள காட்டின் ஒரு சின்னப் பகுதியில் மட்டும் ஒரு சிலந்தி வாழ்கிறது. பளிச்சென்ற நீல நிறம். கூட்டி டராண்டுலா என்று பெயர், அங்கே உள்ள கூட்டி ஊரின் பெயரால் வந்தது. மரப் பொந்துகளில் வாழும் இதற்கு, பழைய பெரிய மரங்களை வெட்டினால் போக்கிடம் இல்லை. அழகுக்காகப் பிடித்து விற்கும் வியாபாரம் வேறு. ஐயூசிஎன் பட்டியலில் இது மிக அருகிவிட்ட இனம்.

பெரணியிலும் நேர்மாறான ஆள் உண்டு. மாட்டுத் தீவனத்துக்குத் தொட்டியில் வளர்க்கிறோமே அசோலா, அது பெரணிதான். நம்ப முடியாது, ஆனால் தண்ணீரில் மிதக்கும் பெரணி. நல்ல நிழலும் தண்ணீரும் இருந்தால் ஒரு சில நாளிலேயே இரண்டு மடங்காகிவிடும். நெல் வயலில் உரமாகவும் விடுகிறார்கள்.

ஆக, எட்டுக் காலா, இலையா என்பது விஷயமே இல்லை. கூட்டி டராண்டுலாவுக்கும் பார்ஸ்லி பெரணிக்கும் ஒரு குறிப்பிட்ட இடம்தான் வேண்டும். மரப் பொந்து, ஈரப் பாறை. அது போனால் வேறு இடத்துக்கு மாறத் தெரியாது. சுவர்ச் சிலந்திக்கும் அசோலாவுக்கும் மனிதர் உருவாக்கிய இடமே போதும். வீடு, குடோன், தொட்டி, வயல்.

சிலந்திகளைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கலும் உண்டு. உலகில் இதுவரை பெயர் வைத்த சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 2022-ல் 50,000-ஐத் தாண்டியது. ஆனால் ஆபத்தில் இருக்கிறதா இல்லையா என்று ஐயூசிஎன் மதிப்பிட்டுப் பார்த்தவை சில நூறுதான். நம் கண்ணில் தினமும் படுகிற ஒன்றை வைத்து, சிலந்திதானே, எங்கேயும் இருக்கும் என்று நினைப்பது அதனால்தான் தப்பாகிவிடுகிறது.

இப்போது அந்தப் பெரணி எப்படி இருக்கிறது?

கிரீன் மவுன்டனில் தொடர்ந்து தேடியதில், முதல் நாலைத் தவிர மேலும் சில செடிகள் கிடைத்தன. ஆய்வகத்தில் வளர்ந்தவற்றை மலையில் மறுபடி நட்டுப் பழக்கும் வேலையும் நடந்தது. மெய்டன்ஹேர் பெரணியைக் கையால் பிடுங்கி, வெற்றுப் பாறையைத் திறந்து விடுவதும் அந்த வேலையில் ஒரு பகுதி. பட்டியலில் அழிந்தது என்ற இடத்திலிருந்து இதை எடுத்து, மிக அருகிவிட்டது என்ற இடத்தில் வைத்திருக்கிறார்கள். அதாவது அபாயம் நீங்கவில்லை, ஆள் உயிரோடு இருக்கிறார், அவ்வளவே.

தீவுக்கே உரிய அந்த 10 செடிகளில் 3 இன்னும் அழிந்தவை பட்டியலில்தான் இருக்கின்றன. ஒரு பெரணி, ஒரு புல், ஒரு குறுஞ்செடி. 2003-ல் அதே பட்டியலில் நாலாவதாக இருந்தது பார்ஸ்லி பெரணி.